பயன் சொல்லுதல்

யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களிலே புராண படனம் நடைபெறும் வேளையில் இருவர் அருகருகே அமர்ந்திருப்பர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அச்செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கூட்டிப் பொருளை விரித்துரைப்பார். இந்த இரண்டாமவர் செய்யும் தொழிலுக்கு அவ்வூர் வழக்கிலே தனிப்பெயர் ஒன்றுண்டு. அவர் பொருள் சொல்லுகிறார் என்று ஊரார் கூறுவதில்லை. பயன் சொல்லுகிறார் என்றே கூறுவர். இன்று பயன் சொல்ல இன்னார் வருகிறார் என்று தெரிந்தால், மண்டபத்திலே கூட்டம் சற்று அதிகமாயிருக்கும். செய்யுளின் பொருளையே அதன் பயன் என்று வழங்கிய இம்மக்கள், வாசிப்பினால் வரும் பயன் யாது என்னும் வினாவுக்கு விடையையும் அச்சொல்லினுள்ளேயே வைத்துவிட்டனர் போலும். விளங்கிக்கொள்வதே பயன். அதற்கு மேலே வேறொரு கூலியை அவர்கள் கேட்கவில்லை.

விளங்கிக்கொள்ளுதல் ஒருநாளில் முடியும் காரியமன்று. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் ஆறு காண்டங்களையும் 10,345 செய்யுட்களையும் உடையது. நாளொன்றுக்கு முப்பது செய்யுள் வீதம் இடைவிடாது வாசித்தாலும் 345 நாட்கள் வேண்டும், ஏறக்குறைய ஓராண்டு. இத்துணைப் பெரிய நூலை எழுத்தறியாத முதியவர்களும் வயல்வேலை முடித்துக் களைத்து வந்தவர்களும் தூணிலே சாய்ந்திருந்து கேட்டு முடித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய பெருங்கல்வி அன்று; மறுநாளும் வந்தார்கள் என்பதே காரணம். வீரவாகுதேவர் தூதாகச் சென்று மகேந்திரபுரியினுள் புகுந்த இடத்திலே நேற்று ஏடு கட்டப்பட்டது என்பதை அவர்கள் மறப்பதில்லை. இன்று மாலை ஏடு அவிழும்போது, நேற்று விட்ட இடம் அவர்கள் உள்ளத்திலே ஏற்கனவே அவிழ்ந்து கிடக்கும். பல ஆண்டு இவ்வாறு கேட்டுப் பழகிய செவி, வாசிப்பவர் ஓரடியைத் தவறவிட்டால் உடனே அறிந்துவிடும். கையெழுத்து வைக்கத் தெரியாத ஒருவர், கற்றவர் ஒருவரைப் பார்த்து, தம்பி, அந்த அடி அப்படி இல்லையே என்று மெதுவாகச் சொல்லுவதும் அம்மண்டபங்களிலே நிகழக்கூடிய செயலே.

'நேற்று விட்ட இடம்' என்னும் இத்தொடரை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. ஒழுங்காக வாசிப்பவருக்கும் எப்போதோ ஒருகால் வாசிப்பவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதிலே அடங்கியிருக்கிறது. விடுமுறை நாளொன்றிலே ஒரே இருப்பில் முந்நூறு பக்கம் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் புத்தகத்தைத் தொடாதவர் பலர். அவரும் வாசித்தவரே; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு விட்ட இடம் என்று ஒன்று இல்லை. நாள்தோறும் பத்துப் பக்கம் வாசிப்பவருக்கோ, இரு வாசிப்புக்களுக்கும் இடையே ஓர் இரவும் ஒரு பகலும் இருக்கின்றன. அந்த இடைவேளையிலே அவர் தோட்டத்துக்குப் போகிறார், கந்தோரிலே கணக்கெழுதுகிறார், அயலவரோடு வழக்காடுகிறார். வாசித்த பகுதி அவரோடு கூடவே போகிறது. அன்று கண்டதும் கேட்டதும் அப்பகுதியோடு உராய்கின்றன. மாலையிலே மீண்டும் புத்தகத்தைத் திறக்கும்போது அவர் நேற்றைய மனிதராக இருப்பதில்லை. ஆகவே பத்துப் பக்கம் வாசித்தவர் பத்துப் பக்கத்துக்கும் அதிகமாகப் பெறுகிறார்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் இதனை வேறு வகையால் நன்கறிவான். அந்நாட்டிலே வற்றாத ஆறில்லை. ஐப்பசி கார்த்திகையிலே வானம் கொட்டுகின்ற நீர் பெருவெள்ளமாய் வந்து போகிறது. அதைக் கண்டு மகிழலாம். ஆனால் மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் வளர்வது கிணற்று நீரினால். துலாவினால் பட்டை பட்டையாக இறைத்து, வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி கட்டிய நீரே அம்மண்ணை விளைய வைத்தது. இறைப்பு முறை தவறினால் மழைக்காலத்து வெள்ளத்தை நினைத்துப் பயிர் பிழைத்துவிடாது.

இடையறாத வாசிப்பு என்ன செய்யவல்லது என்பதற்குத் தமிழிலக்கிய வரலாற்றிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

1855ஆம் ஆண்டிலே பிறந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடத்திலே 1871 முதல் 1876இல் ஆசிரியர் மறையும்வரை பாடங்கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அவர் கற்ற நூல்களின் வரிசை மிக நீண்டது. 1880ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். இருபத்தைந்து வயதிலே அப்பதவி கிடைத்தது சிறிய காரியமன்று. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்னும் பொருள்பட முதலியார் வினாவ, ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கினார். கேட்டவர் முகத்திலே வியப்பொன்றும் தோன்றவில்லை. முடிவிலே அவர், சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. இந்தச் சந்திப்பை ஐயர் தம் வரலாற்றை எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலிலே ஒளிக்காது கூறியிருக்கிறார். தமக்கு நேர்ந்த தலைக்குனிவை இத்துணை வெளிப்படையாக எழுதியவர் தமிழ்ப் புலவருள்ளே அதிகம் பேர் இல்லை.

முதலியார் சிந்தாமணிப் பிரதியொன்றைக் கொடுத்தார். பாடம் தொடங்கிற்று. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலியார் ஓய்வுபெற்ற கனவான் அல்லர். நாள்தோறும் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதி. ஐயரோ பகலெல்லாம் கல்லூரியிலே பாடஞ்சொல்லுபவர். இருவருக்கும் நேரமில்லை என்று கூறுவதற்கு இன்றைக்குள்ள எவரையும்விட அதிக நியாயமிருந்தது. ஆயினும் அவ்வாசிப்பு நின்றுவிடவில்லை.

திருத்தக்கதேவர் இயற்றிய அந்நூல் பதின்மூன்று இலம்பகங்களையும் 3,145 செய்யுட்களையும் உடையது. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும் பல இடங்களிலே பொருள் திறக்கவில்லை. உரைகாரர் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்களை எடுத்துக் காட்டிச் செல்லுகிறார். அவை எந்நூலுக்குரியவை என்பது தெரியவில்லை. சமண சமயக் கொள்கைகளைத் தெரிந்தவனுக்குச் சொல்லுவது போலச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். சைவச் சூழலிலே வளர்ந்த ஐயருக்கு அச்சொற்கள் புதியன. பெரும் புலவரிடம் பல்லாண்டு கற்ற கல்வி அவ்விடத்திலே உதவவில்லை.

அப்போது அவ்வூரிலேயே சமணர் வாழ்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது. நண்பரோடு அத்தெருவுக்குச் சென்றார். சென்ற வீட்டின் வாயிலிலே கோலமும் தோரணமும் விளங்கின. வீட்டிலே ஏதேனும் விசேடமோ என்று கேட்டபொழுது கிடைத்த விடையை ஐயர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பல காலமாக அவ்வீட்டிலே நடைபெற்றுவந்த சிந்தாமணி வாசிப்பு அன்றைக்கு நிறைவெய்தியதாம். அதற்காகவே அந்த அலங்காரம்.

நூலொன்றை வாசித்து முடித்ததற்காகத் தோரணம் கட்டிய வீடு! புலவருலகம் பெரும்பாலும் மறந்திருந்த நூல், அதே ஊரிலே ஒரு தெருவில், வணிகர் வீட்டுக் கூடத்திலே உயிரோடிருந்தது. அவர்கள் இலக்கணத்திலே ஐயருக்கு ஆசிரியராகத் தக்கவர் அல்லர். ஆயினும் அவர் நெடுநாள் முட்டி நின்ற இடங்களை அவர்கள் எளிதிலே விளக்கினார்கள். வாழையடி வாழையாக வாசித்தும் கேட்டும் வந்த வீட்டார்க்கு அச்சொற்கள் அகராதியிலே தேடவேண்டிய சொற்கள் அல்ல. வீட்டுப் புழக்கத்திலுள்ள சொற்கள். இரவல் வாங்கிய கல்விக்கும் பழகிய கல்விக்கும் உள்ள வேறுபாட்டை அன்று ஐயர் கண்டார். அவர் அங்கே கற்றவராகப் போய் மாணவராக அமர்ந்தது, அவருடைய பெருமைகளுள்ளே பெரியது என்று கூறலாம்.

சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலே அச்சேறியது. அதன் பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. அந்த முன்சீபின் கேள்வியும் அந்த வீட்டின் தோரணமும் இல்லாதிருந்தால் இவற்றிலே எத்தனை இன்று கைக்குக் கிடைத்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்த வரலாற்றிலிருந்து பொதுவாக எடுத்துக் கூறப்படாத ஓர் உண்மை புலப்படுகிறது. வாசிப்பினால் வாசகன் அடையும் நன்மையைப் பலரும் பேசுவர். நூல் அடையும் நன்மையைப் பேசுபவர் குறைவு. பனையோலைச் சுவடி தானாகவே நெடுங்காலம் நிலைப்பதில்லை. அதை அவிழ்த்துத் தூசு தட்டி எண்ணெய் பூசவேண்டும். சிதையத் தொடங்கியதும் புதிய ஓலையிலே பெயர்த்தெழுத வேண்டும். இவற்றையெல்லாம் செய்பவர் அந்நூலை வாசிப்பவரே. வாசிப்பு நின்ற வீட்டிலே சுவடி பரணுக்கு ஏறும். அங்கே செல்லும் இராமபாணப்பூச்சியும் அதை வாசிக்கத் தொடங்கும். ஆடிப்பெருக்கிலே பழஞ்சுவடிகளை ஆற்றுநீரிலே விட்டால் புண்ணியம் என்று எண்ணி விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கொடியவர் என்று சொல்லுவதற்கில்லை. அவர்கள் கையிலிருந்தது அவர்களுக்கு நூலாகத் தோன்றவில்லை. வழிபாட்டுக்குரிய ஒரு பழம்பொருளாக மாத்திரமே தோன்றிற்று.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியம், இறையனாரகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தபோது பட்ட துன்பமும் இதுவே. தொட்டால் உதிரும் ஓலைகளை வைத்துக்கொண்டு, ஒரு பிரதிக்கும் மறு பிரதிக்கும் இடையே அலைந்து, அந்நூல்களை மீட்டார். அவற்றைக் கெடுத்த பகைவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக எவரும் அவிழ்க்காத கட்டே பகையாயிற்று.

அச்சு வந்தபின் இவ்வச்சம் குறைந்தது. வாசிப்பும் வேறு வடிவம் கொண்டது. ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அது வெள்ளிதோறும் தொடர்ந்தது. அதன் பின்னரே அவர் அச்சியந்திரசாலை நிறுவிப் பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் வெளியிட்டார். கேட்கும் பழக்கத்தை வாரந்தோறும் உண்டாக்கிவிட்டுப் பின்னர் வாசிக்க நூல் கொடுத்த ஒழுங்கு அவதானிக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டிலே ஊர்தோறும் வாசிகசாலைகள் எழுந்தன. கிடுகு வேய்ந்த கொட்டிலாயினும் சரி, ஓடு போட்ட சிறு மண்டபமாயினும் சரி, நீண்ட மேசையொன்றும் இரு வாங்குகளும் இருந்தால் வாசிகசாலை ஆகிவிடும். 1930இலே தொடங்கிய வீரகேசரியும் ஈழகேசரியும், 1932இலே தொடங்கிய தினகரனும், 1959இலே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய ஈழநாடும் அம்மேசைகளை வெவ்வேறு காலங்களிலே அலங்கரித்தன. காலையிலே பத்திரிகை வந்தவுடன் மூக்குக்கண்ணாடி உள்ளவர் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சிறிது நேரத்தில் தாள்கள் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகும். ஒரு செய்தியின் தொடர்ச்சி ஆறாம் பக்கத்திலே இருக்க, ஆறாம் பக்கம் இன்னொருவர் கையிலே இருக்கும். அதனால் எழுந்த சச்சரவுகளும் உண்டு. ஆயினும் பத்திரிகை வாசிக்க வந்த இளைஞன் அலுமாரியிலுள்ள புத்தகத்தையும் எட்டிப் பார்த்தான். நாள்தோறும் அவ்வாயிலை மிதித்ததனாலே வந்த பயன் அது. வாசிகசாலை இன்ன வேளைக்குத் திறக்கும் என்பதே பாதி ஆசிரியனுக்குச் சமானம்.

யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் தொடக்கமும் எளியதே. 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாம் நாள், ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே, 844 நூல்களோடு அது திறக்கப்பட்டது. அதன் புதிய கட்டடம் 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆம் நாள் திறக்கப்பட்டபோது அது ஒரு நாட்டின் பெருமைக்குரிய நிலையமாகிவிட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு அது எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின.

நூல் எரிந்தாலும் கற்றவர் நெஞ்சிலே அது எரியாது என்று ஆறுதல் கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. நெஞ்சிலே நின்றவை சில. எவர் நெஞ்சிலும் ஏறாமலே, ஏறுவதற்குக் காத்திருந்தவை பல. அவை போய்விட்டன. பாதி வாசித்து, அடையாளத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியை இடையிலே வைத்து, நாளைக்கு வருவோம் என்று மேசையிலே விட்டுச் சென்றவர்களுக்கு விட்ட இடமும் இல்லாது போயிற்று. கட்டடம் பின்னர் புதுக்கப்பட்டு வாசகருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த நூல்களின் வேறு பிரதிகளைத் தேடியவர்கள் கண்டது என்னவெனில், எங்கோ ஒரு வீட்டிலே எவரோ வாசித்து வைத்திருந்த பிரதியே கிடைக்கும். வாசிப்பாரற்றுக் கிடந்தது பெரும்பாலும் கிடையாது என்பதே.

இக்காலத்திலே எழுத்தைக் காணாத கண் இல்லை. கைப்பேசியின் திரையிலே காலை முதல் இரவுவரை எழுத்துக்கள் ஓடுகின்றன. கணக்கெடுத்தால் முன்னோர் ஒரு மாதத்திலே கண்ட எழுத்தை இன்றையவர் ஒருநாளிலே காண்கிறார் என்றும் கூறலாம். அதனை வாசிப்பு அன்று என்று தள்ளிவிடுவது பொருந்தாது. திரையிலும் கம்பராமாயணத்தை ஒழுங்காக வாசிப்பவர் இருக்கிறார். ஓலையா, தாளா, திரையா என்பது இரண்டாவது கேள்வி. நேற்று விட்ட இடம் என்று ஒன்று உண்டா என்பதே முதலாவது. ஓடும் திரைக்கு விட்ட இடம் இல்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே தொடங்குகிறது. வானொலியும் இக்குற்றத்துக்கு முற்றிலும் புறம்பானதன்று. பேச்சு முடிந்ததும் பாட்டு வந்துவிடுகிறது. ஆயினும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுபவரும் எழுதி வைத்த தாளைப் பார்த்தே பேசுகிறார் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

எவ்வளவு வாசிப்பது என்று கேட்பவர்க்கு, குறைவாகவே என்று விடை கூறலாம். திருக்குறளை நாளுக்கு ஒன்றாக வாசிப்பவர் 1,330 நாட்களிலே, அதாவது மூன்று ஆண்டும் ஏழெட்டு மாதமும் சென்றபின் முடிப்பார். சிந்தாமணியை நாளுக்கு இருபது செய்யுளாக வாசித்தால் ஐந்தே மாதம். தொடக்கத்திலே ஆர்வத்தால் நாளுக்கு நூறு என்று தொடங்குபவர் நாலாம் நாளிலே நிறுத்திவிடுவதுண்டு. வேளை ஒன்றாகவே இருப்பதும் நல்லது: விளக்கேற்றிய பின், அல்லது காலைத் தேநீருக்கு முன். வீட்டிலே ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டால் அதனினும் நல்லது. தனியே வாசிப்பவர் விளங்காத இடத்தை விளங்கிற்று என்று கடந்துவிடுவார், கேட்பவர் ஒருவர் இருந்தால் அது செல்லாது. புராணத்துக்கு இருவரை அமர்த்திய முன்னோர் இதையும் எண்ணியே அமர்த்தினார்கள்போலும்.

சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்து முடித்ததும் அதை மூடி வைத்துவிடவில்லை. அதற்குப் பின் வேறு எத்தனையோ நூல்களின் பதிப்பிலே ஈடுபட்டிருந்தபோதும் அதனை மீண்டும் மீண்டும் வாசித்துவந்தார். 1907ஆம் ஆண்டிலே திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு 1922இலே வந்தது. முன்சீபின் வீட்டிலே அந்நூலின் பெயரைக் கேட்டுத் தலைகுனிந்த இளைஞருக்கு அப்பொழுது வயது அறுபத்தேழு.